நாற்பது வாய்கள்

மண்ணடியில் ஒரு சந்து, இரண்டாவது மாடி,
படிக்குப் படி பெயிண்ட் டப்பா.
மொய்தீன் முறுக்கு டின்னைக் கவிழ்த்தார்:
பித்தளை, வெள்ளிப் பூச்சு, பூச்சு உரிந்தது,
தக்காளிச் சிவப்பில் பிளாஸ்டிக் ஒன்று.
மேசை மேல் உருண்டன
நாற்பது மவுத்பீஸ்.

எங்களிடம் இருந்தது ஆறுக்கான காசு.
ஊதுகிறவர்கள் பதினொரு பேர்.

பட்டியல் என் கையில்.
ஜெரோமுக்கு முன்பல் பாதிதான்,
மீதியை மூலக்கடை சிக்னலில் விட்டுவிட்டான்;
கூர்விளிம்பு ஆகாது.
நஸ்ரீனுக்குப் பித்தளை பட்டால் உதடு தடிக்கும்,
வெள்ளி பட்டாலும்.
யூபோனியம் திருமேனி "எனக்கு எதுவும் சரி" என்பான்.
அவனுக்கு எதுவும் சரிவந்ததில்லை.
என் பெயருக்கு எதிரே
நானே போட்ட கேள்விக்குறி.

"வாய் வச்சுப் பார்க்கலாமா?"
"வைக்காம எப்படிம்மா?
செருப்பைக் கையில போட்டா பார்ப்பீங்க?"
ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தள்ளினார்.
அப்புறம் இருபது நிமிடம்
ஆஸ்பத்திரியை முத்தமிட்டுக்கொண்டிருந்தேன்.

பள்ளம் ஆழமானால் குரல் தடிக்கும்,
ஆழம் குறைந்தால் உச்சி எட்டும்.
விளிம்பு அகன்றால் நெடுநேரம் தாங்கும்
ஆனால் உதடு சொன்ன இடத்துக்கு நகராது.
இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
தெரிந்ததை ஓரமாய் வைத்துவிட்டு
பளபளப்பாய் ஒன்றை எடுத்தேன், தட்டையான பள்ளம்.
முதல் ஊதலிலேயே உச்சி ஸ்வரம்.
காலண்டர் படபடத்தது. மின்விசிறியால்தான்.
நான் அப்படி நினைக்கவில்லை.

சிவப்பு பிளாஸ்டிக்கை இலவசமாய்ப் போட்டுக்கொடுத்தார்.
"புள்ளைங்க விளையாடட்டும்."

வியாசர்பாடி மேம்பாலத்துக்கு அடியில்
நாங்கள் எல்லோரும் சிங்கம்.
கான்கிரீட் வாங்கியதை இரண்டு மடங்காய்த் திருப்பித் தரும்,
வட்டிக்காரன் செய்யாத காரியம்.
அன்று ராத்திரி என் உச்சி ஸ்வரத்துக்கு
மேலே லாரி ஒன்று ஹாரன் அடித்தது.
தூங்காமல் கிடந்தேன், சந்தோஷத்தில்.

ஞாயிறு, கார்ப்பரேஷன் மைதானம்.
சுவர் இல்லை. திருப்பித் தர ஆளில்லை.
நிமிடத்துக்கு நூற்றிருபது அடி,
ஒவ்வொரு அடியும் காலில் தொடங்கிப் பல்லில் முடியும்.
ஆறாவது நிமிடம் உச்சி வர வேண்டும்.
வந்தது காற்று.
விசில் வருவதற்கு முந்தைய குக்கர் மாதிரி
வெறும் காற்று.
டிரம்கள் நிற்கவில்லை. நிற்கவும் கூடாது.
சைடு டிரம் அபிராமி மட்டும்
அடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

பதினொன்றரை வெயிலுக்கு
புல்லில் வைத்த கருவிகள் எல்லாம் தோசைக்கல்.
எல்லோரும் உதட்டை எடுத்து எடுத்து வைக்க
நஸ்ரீன் சிவப்பு வாயோடு சாவகாசமாய் ஊதினாள்.
சிரித்தவர்களில் நானும் ஒருத்தி,
சனிக்கிழமை வரை.

எமல்டா மூன்றாம் வரிசை. பேச மாட்டாள்.
தண்ணீர் குடிக்கப் போன நேரம்
கேட்காமல் என்னுடையதை எடுத்துப் பொருத்தி
நடந்தபடியே, அவிழ்ந்த லேஸை மிதித்தபடியே,
அந்த ஸ்வரத்தை எடுத்தாள்.
கம்பி மாதிரி. சுவரில்லாத மைதானத்தில்.

திட்டத்தான் போனேன்.
"இன்னொரு தடவை" என்றது என் வாய்.

இன்னொரு தடவையும் வந்தது.

அவளுடைய பழைய ஏழு-சி இப்போது என்னிடம்.
வெள்ளி தேய்ந்து மஞ்சள் தெரிகிறது,
சட்டையில் துடைத்து வைத்துக்கொண்டேன்.
நிகழ்ச்சியின் கடைசி உச்சியை
எனக்காகவே எழுதியிருந்தேன், இதையும் சொல்லிவிடுகிறேன்.
அதற்கு அடியில் நான்கு தாளம் நீளும் ஒரு ஸ்வரம்,
யாருக்கும் தனியாய்க் கேட்காது.
அதை ஊதினாலும் உதடு வலிக்கத்தான் செய்கிறது.

பஸ்ஸில் கண்டக்டர் என் வாயைப் பார்த்தார்,
சிவந்து பதிந்த வளையத்தை.
"யாரும்மா அடிச்சது?"
"நானேதான். பெரம்பூர் ஒண்ணு."

சில்லறையோடு பட்டியலும் வெளியே வந்தது.
கேள்விக்குறியை அடித்தேன்.
இன்னும் ஐந்து பேருக்குப் பழைய வாய்தான்.
ஒன்றாம் தேதி சம்பளம் வந்தால்
முதலில் திருமேனியை இழுத்துக்கொண்டு போக வேண்டும்,
எதுவும் சரி என்று சொல்லிக்கொண்டே
நாற்பதையும் ஊதிப் பார்ப்பான்.