வேண்டுமென்றே

மனுவில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறது.
"எதிர்மனுதாரர் போதிய வருவாய் இருந்தும்
வேண்டுமென்றே..."
வக்கீல் குமாஸ்தா எச்சில் தொட்டுப் புரட்டி
இந்த இடம்தான் நமக்குச் சிக்கல் என்றார்.
மாசம் நாலாயிரத்து ஐந்நூறு. பதினேழு மாசம்.
பெருக்கிப் பார்க்காதே என்றார்.
பஸ்ஸில் வரும்போதே பெருக்கியாகிவிட்டது.

ஜெகதேவி ரோட்டுப் பட்டறையில்
ஒன்பது வருஷம் கல் பாலிஷ் போட்டேன்.
கப்பலில் போகும் கறுப்புக் கல்.
எந்த ஊரிலோ யாரோ செத்தால்
பேர் வெட்டி நட்டு வைப்பார்களாம்.
கடைசித் தேய்ப்பில் என் முகம் தெரியும்,
மீசைகூடத் தெரியும்.
அப்படியே மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிடுவோம்.
குவாரிக்கு பர்மிட் நின்றது. பட்டறை நின்றது.
மாங்கூழ் ஃபாக்டரியில் இரண்டு மாசம் கொட்டை அள்ளினேன்.
அப்புறம் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன்,
கூப்பிடாத நாளில்
மேம்பாலத்தடியில் தூக்குச்சட்டியோடு நின்றேன்.

முனிரத்தினம்... முனிரத்தினம்... முனிரத்தினம்...
என் பேரை இவ்வளவு நீட்டி யாரும் கூப்பிட்டதில்லை.
செருப்பைக் கழற்றணுமா வேண்டாமா தெரியாமல்
ஒன்றைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு ஓடினேன்.

நாகவேணி அந்தப் பக்கம் நின்றாள்,
ஷூ கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து எடுக்காமல்.
அவளுக்கும் இன்றைக்கு அரை நாள் சம்பளம் போச்சு.
விரல் நுனியில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.
தேஜஸ்ரீ வரவில்லை. பரீட்சையாம்.
அவள் வராமல் இருக்க
எந்தச் சாமியை வேண்டினேன் என்று சொல்ல மாட்டேன்.

நீதிபதி அம்மா நிமிராமல் கேட்டார்:
இன்னைக்கு எவ்வளவு கட்ட முடியும்?
உள்ளே போய் வந்தாலும் பாக்கி பாக்கிதான், தெரியுமா?
தெரியும்ங்க.
ஆயிரத்து எழுநூற்று நாற்பது இருக்குதுங்க.
அந்த நாற்பதுக்கு யாரோ சிரித்தார்கள்.
உள்பாக்கெட்டிலிருந்து எடுத்தபோது
நோட்டெல்லாம் வேர்வையில் ஈரம்.

ஏன் கட்டவில்லை?
இல்லைங்க.
வேண்டுமென்றேவா?
இல்லைங்க.

இரண்டு இல்லைக்கும் நடுவில்
போன மாசி மாசம் இருக்கிறது.
காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டுக்குத் தரைக்கல் பதித்த கூலி,
கையில் முழுசாக ஆறாயிரம்.
எடுத்துக்கொண்டு பர்கூர் வரைக்கும் போனேன்.
அவள் தெரு முனையில் வண்டியை நிறுத்தினேன்.
இப்போது கொடுத்தால் அடுத்த மாசமும் கேட்பாள்.
அப்படித்தான் நினைத்தேன்.
வேறு மாதிரி மாற்றிச் சொல்ல வரவில்லை.
திரும்பி வந்து வண்டித் தவணையைக் கட்டினேன்.
சித்திரையில் வண்டியையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பதினாறு மாசத்துக்கு அந்த வார்த்தை பொய்.
ஒரு மாசத்துக்கு உண்மை.
அந்த ஒரு மாசத்தைப் பற்றி
வக்கீலும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே சையத் பாஷா மலை
வெயிலில் நின்றது.
பாலிஷ் போடாத கல், முகம் ஒன்றும் தெரியாது.

வாய்தா அடுத்த மாசம் பத்தொன்பது.
அதற்குள் பத்தாயிரம். இல்லையென்றால் வாரண்ட்.
அடுத்த கட்டைப் பிரித்தார்கள்.
அடுத்த பேரும் மூன்று தடவை.

பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் நின்றோம்,
நடுவில் பூக்கூடையோடு ஒரு அம்மா.
பர்கூர் டவுன் பஸ் வந்தது.
அவளுக்கு இலவசம். எனக்குத் திசை வேறு,
கையில் காசும் இல்லை.
படியில் ஏறினவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அவளுக்கு ஷூ நம்பர் நாலு ஆயிடுச்சு."

அவ்வளவுதான். வாங்கிக் கொடு என்று சொல்லவில்லை.
வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை.
விசில் ஊதி பஸ் போய்விட்டது.

நாலு என்றால் எவ்வளவு நீளம் இருக்கும் என்று
கையை விரித்து, மடக்கி, விரித்துப் பார்த்துக்கொண்டே
டோல்கேட் வரைக்கும் நடந்தேன்.