குடைக்குள் ஒரு சுருள்

பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் நாலு மணிக்கு
நிழல் என்று ஒன்று கிடையாது.
கடலில் பட்டுத் திரும்பும் வெயில்
தாடைக்குக் கீழிருந்தும் சுடுகிறது.

என் கையில் புதுச் சுருள்.
புது என்பது ஒரு பேச்சுக்கு.
காலாவதியாகி இரண்டு வருடம்.
சிங்கப்பூர் போய் வந்த கணக்காளர் ஒருத்தி
மாஜரின் டப்பாவுக்குள் வைத்துத் தந்தது.
பன்னிரண்டே படம்.
கடையில் சொல்லும் விலைக்கு
ஒரு கிழமை மீன் வாங்கலாம்,
அதுவும் பாரை.

கமராவின் முதுகைத் திறக்க நிழல் வேண்டும்.
சால்வையை இழுத்து அதன்மேல் போர்த்தினேன்.
பாணந்துறை வண்டிக்கு நின்றவர்கள்
பால் கொடுக்கிறாள் என்று நினைத்து
மரியாதையாய் மறுபக்கம் திரும்பினார்கள்.

"மெஹாட்ட என்ன, மிஸ்."

லொத்தர் விற்கிற ரணவீர.
பெரிய கறுப்புக் குடை, ஒரு கம்பி முறிந்தது.
சீட்டுப் பலகையை முழங்காலுக்கு மாற்றி
எனக்கு ஒரு சதுர அடி இருட்டு
ஒதுக்கித் தந்தார்.

போதும்.

வெற்றுச் சுருளைக் கீழிருந்து மேலே மாற்றினேன்.
போன சுருளின் எலும்புதான்
இந்தச் சுருளை ஏந்தப் போகிறது.
கடதாசி நாடாவைக் கிழித்து
கட்டைவிரலால் அமத்திப் பிடித்தேன்.
விட்டால் தளரும்.
தளர்ந்தால் வெளிச்சம் விளிம்பால் நுழையும்,
கள்ளன் மாதிரி இல்லை,
வீட்டுச் சொந்தக்காரன் மாதிரி.

நாக்கை மேல் அச்சின் பிளவில் செருக
முதல் தரம் நழுவியது,
உப்புக்காற்றில் வியர்த்த விரல்.
இரண்டாம் தரம் கடித்துக்கொண்டது.
அம்புக்குறி மெல்ல ஏறி வந்து
சிவப்புப் புள்ளிக்கு நேரே நின்றது.
மூடினேன். டக்.

ரணவீர மூச்சு விட்டார்.
அவரும் அடக்கி வைத்திருந்திருக்கிறார்.

முன்னே சுற்று, முன்னே, தடுக்கும் வரை.
சின்னச் சன்னலில் ஒன்று.
பின்னே ஒரு பாதி, ஷட்டர் ஏறிவிட்டது.

"பொட்டக் பலன்னத?" என்றார்.
வாரைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டேன்.
குனிந்தார்.
தேய்த்த கண்ணாடியில் கடல்.
கோட்டையிலிருந்து புறப்பட்ட வண்டி
அங்கே தெகிவளைப் பக்கமிருந்து வந்தது.
வண்டியோடு சேர்ந்து திரும்பப் பார்த்தார்,
வண்டி பெட்டியை விட்டு வெளியே ஓடியது.
எதிர்ப்பக்கம் திருப்புங்கள் என்றேன்
என் அரைகுறைச் சிங்களத்தில்.
அவர் ஏதோ சொன்னார்.
சத்தம் தின்றுவிட்டது.

பதினொன்று எப்படிப் போனதென்று கேட்காதீர்கள்.
கதவில் தொங்கிய பொடியன்களுக்கு நாலு,
ஒரே காகத்துக்கு மூன்று, வெட்கக்கேடு.
மிச்சம் அலைக்கு.

கடைசியை அவருக்கு வைத்தேன்.
இந்தக் கமராவால் ஒருவரை முறைக்க முடியாது,
தலை குனிந்துதான் பார்க்க வேண்டும்.
குடைக்குள் வெளிச்சம் குறைவு,
முப்பதில் ஒரு பங்கு செக்கன்.
மூச்சை நிறுத்தி அமத்தினேன்.
நகம் வெட்டுகிற அளவு சத்தம்.

ரணவீர அசையாமல் இருந்தார்.
எடுத்தாச்சு என்றேன்.
இன்னும் இருந்தார்.
எடுத்தாச்சு, ஐயா.

பிறகு கமராவைத் திருப்பி
அதன் முதுகைத் தடவிப் பார்த்தார்,
கறுப்புத் தோல் மட்டும்.
அடுத்த கிழமை என்றேன்.
தன் பலகையைப் பார்த்து, என்னைப் பார்த்து,
"அப்ப இதுவும் லொத்தர்தான்" என்றார்.
தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

மிச்சக் கடதாசியைச் சுற்றி முடித்து
ஒட்டுநாடாவை நக்கினேன்,
பழைய தபால் உறையின் ருசி.
நாற்பது ரூபாய்க்கு ஒரு சீட்டும் வாங்கினேன்,
ஏழில் முடிகிற இலக்கம்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வெட்டு.
சனி இரவுதான் கழுவ முடிந்தது.
குளியலறைக் கொடியில், உடுப்புக் கிளிப்பில்,
நீளமாய் சொட்டிக்கொண்டு பன்னிரண்டு சதுரம்.
கீழே கடைசியில் ரணவீர,
முகம் கரிக்கட்டை, தலைமயிர் பால்.
அந்தக் கறுப்புக் குடை
வெறும் கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது.
முறிந்த கம்பிக்குப் பின்னால்
என் நீல வாளி தெரிந்தது.