உளைவு

புதுக்கடை, மாவட்ட நீதிமன்றம், மூன்றாம் மாடி.
மின்விசிறி இரண்டில் ஒன்று சுற்றுகிறது.
என் வேலை இடையில் நிற்பது.
சாட்சியின் தமிழை நான் சிங்களமாக்க,
நீதிபதி அதை ஆங்கிலத்தில் சொல்ல,
தட்டெழுத்துக்காரி காகிதத்தில் இறக்குவாள்.

சந்தியோகு, வயது நாற்பத்து மூன்று, முகத்துவாரம்.
பேலியகொடை மீன் சந்தைக்கு ஐஸ் அனுப்பும் கம்பனியில்
கட்டி நொறுக்கும் இயந்திரத்துக்கு ஆள்.
அதன் வாய்க்கு ஒரு மூடி இருந்ததாம்.
மூடியோடு மணிக்கு முப்பது கட்டி,
மூடியில்லாமல் ஐம்பது.
கழற்றியது யார் என்பதற்குச் சாட்சி இல்லை.
எங்கே கிடந்தது என்பதற்கு உண்டு:
காவலாளியின் நாய் அதன்மேல் படுத்திருந்தது.

"தடியால் அல்லவா தள்ளியிருக்க வேண்டும்?"
எதிராளியின் சட்டத்தரணி.
அவருடைய எரிச்சலை விட்டுவிட்டு
கேள்வியை மட்டும் கொண்டுபோனேன்.
"தடி மாசியில முறிஞ்சது ஐயா. சொன்னனான்."
"யாரிடம்?"
"தடி குடுக்கிற ஆளிட்டத்தான்."
பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள்.

முதலில் நோகவில்லையாம்.
விடியப்புறம் மூன்று மணி, கை குளிரில் மரத்திருந்தது.
ஐஸ் சிவப்பாக வந்தபோது
யாரோ மீன்பெட்டி கழுவிய தண்ணீர் என்று
இன்னொரு கட்டியும் போட்டாராம்.
"அப்படியானால் வலி இல்லை?"
சட்டத்தரணி பேனாவைத் திறந்தார்.

அப்போது இல்லை.
இப்போது?
"உளையுது."

வலிக்குது என்றிருந்தால் எனக்குச் சுலபம்.
எரியுது, குத்துது, கடுக்குது,
எல்லாவற்றுக்கும் என்னிடம் பதினெட்டு வருடச் சில்லறை இருக்கிறது.
உளைவு வேறு.
எலும்புக்குள்ளே இரவிரவாக
யாரோ அலுமாரி நகர்த்துவது.
"கக்கியனவா" என்றேன். கிட்டத்தட்டச் சரி.
நீதிபதி ஒரு கணம் கூரையைப் பார்த்தார்.
பிறகு காகிதத்தில் விழுந்தது 'பெயின்',
நாலே நாலு ஆங்கில எழுத்து.

"எந்த விரல்?"
சந்தியோகு வலது கையைத் தூக்கி
இடது கையால் காட்டினார்,
நடுவிரலைத் தாண்டி, காற்றில், ஓரிடத்தை.
"சாட்சி காட்டும் இடத்தில் விரல் எதுவும் இல்லை
எனப் பதியப்படட்டும்."
பதியப்பட்டது.
அதையும் அவருக்கு மொழிபெயர்த்தேன்.
ஓம், அதுதான் என்று தலையாட்டினார்.

தீர்ப்பு ஐப்பசியில், மழையோடு.
மாதச் சம்பளம் நாற்பத்திரண்டாயிரம்.
இயலாமை இருபத்தெட்டு வீதம்.
அறுபது வயதுக்கு மீதி பதினேழு வருடம்,
ஆனால் மனிதன் வேறு எதனாலும் செத்துப்போகலாம்,
ஆகவே பதினொன்று.
வலிக்கும் வேதனைக்கும் சேர்த்து மூன்று இலட்சம்.
வலி எது வேதனை எது என்று யாரும் கேட்கவில்லை,
நல்ல வேளை.
பிறகு அவருடைய சொந்தக் கவனயீனம்
நாலில் ஒரு பங்கு, கழிக்க.
பதின்மூன்று இலட்சத்து எண்பத்தொன்பதாயிரத்து
இருநூற்று நாற்பது ரூபாய்.
நான் அதை இரண்டு தரம் சொன்னேன்,
இலக்கங்களில் நான் தடுமாறுவதில்லை.

கம்பனி மேன்முறையீட்டுக்குப் போகுமாம்.
கீழே, குடைகள் சொட்டும் வாசலில்,
சந்தியோகு எனக்கும் ஒரு பிளேன்டீ வாங்கினார்.
கோப்பையை இடது கையில் பிடித்தபடி கேட்டார்:
"பதின்மூண்டு இலட்சம் விளங்குது.
அந்த நாப்பது ரூபா எதுக்கு, தம்பி?"

கடித உறையின் பின்புறம் பெருக்கிக் காட்டினேன்,
கழித்தும் காட்டினேன்.
மழை இலக்கங்களில் ஒன்றை அழித்தது.
அது கணக்கில் மிஞ்சினது, அண்ணன் என்றேன்.

தமிழிலிருந்து தமிழுக்கு,
அவ்வளவு தூரம் கூட இல்லை,
இருந்தும் எதையோ பிழையாகச் சொன்ன மாதிரி
வாய் கசந்தது. சீனி போட்டுத்தான் தந்திருந்தார்கள்.