நூற்றிருபது

எப்போது போட்டாலும்
நூற்றிருபதில்தான் விழிக்கிறது
இந்த மின் டிரம்ஸின் மெட்ரோனோம்.
சிவப்புப் புள்ளி துடிதுடிக்கிறது,
ரயிலைத் தவறவிட்டவன் போல.

நான் கடைசி ட்ராம் ஓட்டிவிட்டு வருகிறவள்.
பதினோராம் எண்.
முனையத்தில் தூங்குகிறவர்களை எழுப்பி இறக்கிவிட்டு,
பணிமனைப் பேரேட்டில் கையெழுத்துப் போட்டு,
வூச் நகரத்து ஜனவரிச் சேற்றுப்பனியை
பூட்ஸோடு மூன்று மாடி சுமந்து வந்து
ஸ்டூலில் உட்காரும்போது
மணி ஒன்றே கால்.
நாடி அறுபதைத் தாண்டாது.
அந்நேரத்தில் எனக்கு யாரும்
நூற்றிருபதில் வணக்கம் சொல்ல வேண்டாம்.

பொத்தானை அழுத்திப் பிடித்து இறக்குவேன்.
நூற்றுப்பத்து. தொண்ணூற்றாறு.
பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைகளாய்
மனமில்லாமல் படியிறங்கும் எண்கள்.
எண்பதில் விரலெடுத்தால்
எழுபத்தொன்பதில் போய் நிற்கும்.
ஒன்று ஏற்று.
அணைத்தால் எல்லாம் போச்சு.
மறுநாள் மறுபடி நூற்றிருபது,
என்னை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்கிற முகத்தோடு.

எங்கோ ஒரு தொழிற்சாலையில்
யாரோ ஒருவர்
'இதுவே இருக்கட்டும்' என்று எழுதியிருக்க வேண்டும்,
சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பு.
அவர் அவசரம்
உலகத்துக்கெல்லாம் அனுப்பப்பட்டுவிட்டது
அட்டைப்பெட்டியில், தெர்மோகோல் வைத்து.

கையேட்டில் ஒன்பது மொழிகள். போலிஷ் எட்டாவது.
விரும்பும் வேகத்தைச் சேமிக்கலாம் என்கிறது
நாற்பத்தேழாம் பக்கம்.
எதை விரும்புவது என்று
ஒன்பது மொழியிலும் இல்லை.

ஹெட்ஃபோனுக்குள் எனக்கு சிம்பல் மழை.
வெளியே, கட்டடத்துக்குக் கேட்பதெல்லாம்
பெடல் மேல் என் வலது கால்.
கீழே வாவ்ஷின்யாக்.
ரொட்டி சுடுகிறவர். மூன்று மணிக்கு எழ வேண்டும்.
நான் இரண்டு மணிக்கே எழுப்பிவிட்டேன் போலிருக்கிறது.

வெப்பக்குழாயில் கரண்டி விழுந்தது.
டக்.
ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.
டக். டக். டக்.
கோபத்தில் தட்டினால் வேகமெடுக்கும்.
இது எடுக்கவில்லை.
மாவு பிசைந்து பிசைந்து
நிதானம் ஏறிய கை.

நாலு தரம் தட்டினால்
தட்டியதை எண்ணாக்கிக் காட்டும் ஒரு பொத்தான்
ஓரத்தில் சும்மாவே கிடந்தது இத்தனை மாதம்.
அவர் குழாயில் தட்டத் தட்ட
நான் அதில் தட்டினேன்.
எழுபத்திரண்டு.
இன்னொரு தரம்: எழுபத்தொன்று.
நாற்பத்தேழாம் பக்கம் சொன்னபடி சேமித்தேன்.
அணைத்தேன். குழாயும் ஓய்ந்தது.
போட்டுப் பார்த்தேன்.
எழுபத்தொன்று.

வெட்கமாகத்தான் இருந்தது,
திட்டியதை வாங்கி உண்டியலில் போட்டுக்கொண்டது.

பிறகு பெடலுக்கடியில்
பழைய மெத்தையை மடித்து வைத்தேன்.
குழாய் பேசவில்லை.
ஒரு வாரம்,
இரண்டு வாரம்.

சனிக்கிழமை படிக்கட்டில் எதிரே வந்தார்,
புருவத்தில் மாவு.
எங்கள் தளத்தில் நாலு கதவுகள்.
எது என்று அவருக்குத் தெரியாது.
"மேலே குடி மாறிவிட்டதா?" என்றார்.
"முந்தி இருந்தவன் யாரோ துரத்துவது போல் ஓடுவான்.
புது ஆள் பரவாயில்லை.
அடங்கித்தான் வாசிக்கிறான்."
இரண்டு படி இறங்கியவர் திரும்பினார்.
"மூன்றாவது அடியில் மட்டும்
கொஞ்சம் முந்துகிறான்."

பார்த்தால் சொல்கிறேன் என்றேன்.