கடைமடைக்கு நாற்பது நொடி

மூடிவிட்ட பிரவுசிங் சென்டரில்
மூவாயிரத்துக்கு வாங்கிய கணினி.
பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால்
ரிசல்ட் பார்க்க வந்து வரிசையில் நின்ற
எத்தனையோ கோடைகளின் தூசி.
காய்ந்த பல்லிமுட்டை இரண்டு.
பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டி
முறத்தில் அள்ளினேன்.

கேபிள்காரர் தாஜுதீன் கொடுத்த பெட்டியின் முதுகில்
மஞ்சள், வெள்ளை, சிவப்பு.
வெள்ளையும் சிவப்பும் இடம் மாறினால் பாதகமில்லை.
மஞ்சளை மாற்றிக் குத்தினால்
ஸ்பீக்கர் உறுமும்.
உறுமியது. மாற்றினேன்.
நகைக்கடை விளம்பரம் நீலம் பாரித்து வந்தது.

எல்லாம் நைனாவுக்காக.
தம்மாமில் ஆறு கட்டில் போட்ட அறை.
உலகக் கோப்பை அவன் கைபேசிக்குத் தானாக வரும்,
முத்துப்பேட்டை லோக்கல் சேனல் வராது.
எழுவர் கால்பந்து இறுதி ஆட்டம்
வேறு எதிலும் வராது.

தரத்தைக் குறைத்தேன்: பந்து புல்லில் கரைந்துபோனது.
கூட்டினேன்: ஆட்டக்காரர்கள்
ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்கள்.
மூன்று ராத்திரி இப்படி.
காலையில் ரேஷன் கடைக் கணக்கில்
கோதுமைக்கு நேரே மண்ணெண்ணெய் எழுதினேன்.

ஒத்திகையில்,
திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் போனில்
சத்தமாகப் படிக்கச் சொன்னேன் அவனை.
எனக்கு "தண்ணீர் திறப்பு" போய்,
மின்தடை அறிவிப்பு போய்,
காணாமல்போன ஆடு ஒன்றும் போன பிறகு
அவன் "மேட்டூர்" என்றான்.
நாற்பது நொடி.

எங்களுக்குக் காத்திருப்பது புதிதா?
அங்கே திறந்து, கல்லணை வந்து,
வெண்ணாறு, கோரையாறு என்று பிரிந்து,
மேல்மடையில் நாற்று ஒரு சாண் வளர்ந்த பிறகு
இந்த வாய்க்காலுக்கு வரும்,
யாரோ குளித்த நுரையோடு.
எனக்கும் கீழே ஒரு கடைமடை இருப்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

மைதானம் மூன்று தெரு தள்ளி.
கோல் விழுந்தால் முதலில் ஜன்னலில் கேட்கும்,
பிறகு டிவியில் விழும்,
பிறகு தம்மாமில்.
முதல் கோலுக்கு வாயைப் பொத்திக்கொண்டேன்.
"ஏன் லாத்தா சிரிக்கிறே?"
"சும்மாடா."
அவன் அறை மொத்தமும் கத்தியபோது
என் டீயில் ஆடை படிந்திருந்தது.

ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி.
கடைசி உதை ஹாஜா ஷரீஃப்,
நைனாவை சைக்கிள் பாரில் வைத்துப்
பள்ளிக்கூடம் மிதித்தவன்.

ஜன்னலில் ஒன்றும் கேட்கவில்லை.
ஊரே கூடியிருக்கும் இடத்திலிருந்து
ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு, கூத்தாநல்லூரிலிருந்து
ஒரே வேனில் வந்தவர்களின்
மெல்லிய கூச்சல்.

டிவியில் ஹாஜா இப்போதுதான் பந்தைத் துடைக்கிறான்.
போனில் நைனா,
"இடது மூலைல போடுவான் பாரேன்,
அவன் காலு எனக்குத் தெரியும்."
"ம்" என்றேன்.
ஒரு ம்-மை எவ்வளவு தூரம் இழுக்கலாம்?
அவனுக்கு நாங்கள் இன்னும் தோற்கவில்லை.
டிவியில் தோற்றோம்.
அவனுக்கு இன்னும் இல்லை.
யாரிடமோ பிரியாணி பந்தயம் கட்டுகிறான்.
சொல்லிவிடலாம் என்று வாய் வந்தது.
நொடியை எண்ணினேன்.

இடது மூலைக்குத்தான் போனது.
கம்பத்தில் பட்டது.

"ஒனக்கு முன்னாடியே தெரியும்ல?"
"இங்கே கரண்ட் போயிப் போயி வந்துச்சுடா."
போனை வைத்துவிட்டான்.

பரிசளிப்பு முடிந்தும்
கேமராவை யாரும் அணைக்கவில்லை.
பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச்
செருகிக்கொண்டு போகிறார்கள்.
விளக்குகள் ஒவ்வொன்றாக.
வட்டில் இடம் இன்னும் பதினோரு நிமிடத்துக்கு.
நிறுத்தப் போனேன்.
ஓரத்தில் பொடி எழுத்தில்
பார்வையாளர்: 1.

சுட்டியிலிருந்து கையை எடுத்தேன்.
நாய் ஒன்று நடுக்கோட்டைத் தாண்டுகிறது.
அவனுக்கு இனிமேல்தான் தாண்டும்.