பாரூர் ஏரி, நைட் ஷிப்ட் முடிந்து

பதினோரு வருடம் கழித்துத் தூண்டிலைத் தொட்டால்
நூலுக்குத்தான் கோபம் அதிகம்.
முதல் வீச்சிலேயே
ரீலுக்குள் ஒரு காக்காய்க் கூடு.

அறுநூறு ரூபாய் ராடு.
ரப்பர் தவளை ஒன்று, முதுகு பச்சை, வயிறு மஞ்சள்.
அப்புறம், துளைபோட்டுக் கொக்கி மாட்டிய
எவர்சில்வர் ஸ்பூன்.
இந்நேரம் ரவை டப்பாவுக்குள் கைவிட்டு
நாத்தனார் அதைத் தேடிக்கொண்டிருப்பாள்.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில்
விடிய விடியத் தடுப்பை ஏற்றி இறக்கிய கை.
அங்கே ஸ்கேன் ஆனால் பச்சை எரியும்,
ஆகாவிட்டால் பின்னால் பத்து லாரி ஹாரன்.
இங்கே
ஒன்றும் எரியவில்லை.

அல்லி இலை ஓரமாய்த் தவளையை விட்டு
இழு, நிறுத்து.
இழு, நிறுத்து.
இழுக்க வருகிறது. நிறுத்தத்தான்
மாட்டேன் என்கிறது மணிக்கட்டு.

எட்டாவதோ ஒன்பதாவதோ,
இலைக்கடியில் தண்ணீர் தடித்தது.
தவளைக்குப் பின்னால் கறுப்பாய் ஒரு முழம்.
விரால்!
அது வாய் திறப்பதற்குள் வெட்டி இழுத்துவிட்டேன்.
தவளை பறந்து வந்து
என் தோளில் உட்கார்ந்தது.

கரையில் யாரோ சிரித்தார்கள்.
ஏரிக் குத்தகை ஆள், சின்னதிம்மன்.
"சீட்டு வாங்கினியாம்மா? அம்பது ரூபா."
நூறை நீட்டினேன்.
"சில்லறை இல்லியே."

ராத்திரி பூராவும் நான் சொன்ன வார்த்தை.
முகத்தைக்கூட
என்னைப் போலவே வைத்துக்கொண்டு சொன்னார்.

"மீதிக்கு நாளைக்கு வந்துக்கோ."

பஸ் ஏழரைக்கு.
தவளையைக் கழற்றிவிட்டு
ஸ்பூனை மாட்டினேன்.