தீப்பெட்டி உயரம்

எவர்சில்வர் துருப்பிடிக்காது,
சரி.
மழுங்காது என்று எவரும் சொல்லவில்லையே.
நாத்தனார் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த கத்தி.
நாலே மாதம்.
ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில்
பாறைமீன் தோலில் வழுக்கி
என் கட்டைவிரலைத் தொட்டு நின்றது.
பழைய இரும்புக் கத்தி என்றால்
சிமெண்டுத் திட்டில் இரண்டு தேய், முடிந்தது.
இது தேய்க்கத் தேய்க்கச் சிரிக்கிறது.

கடலூர் முதுநகர், நெய்னா பாய் இரும்புக்கடை.
மீன்வாடைக்கு ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டவர்
சாமான்களை மட்டும் கிட்டத்தில் பரப்பினார்.
"இழுக்கிற மிஷின், நூத்தம்பது.
மூணு இழுப்பு போதும்மா."
இழுத்தும் காட்டினார்.
பிளவுக்குள் சுருள்சுருளாய் உலோகம்.
இது கூர் வைக்கவில்லை பாய்,
கத்தியைத் தின்கிறது.

சாணைக்கம்பி,
வளைந்த வாயை நிமிர்த்தும்,
செத்த வாயை எழுப்பாது.
வைரத்தூள் பலகை, இரண்டாயிரத்து நூறு.
அதை நான் தொடவேயில்லை.
கடைசியாய் எடுத்தார்
ஒரு பக்கம் நானூறு, மறுபக்கம் ஆயிரம் என்று
சோப்புக்கட்டி நிறத்தில் ஒரு கல்.
அறுநூற்றைம்பது.
என்னிடம் ஐந்நூற்று எண்பது.
மீதிக்கு நெத்திலி என்றேன்.
"ஆய்ஞ்சு தருவியா?"
நெத்திலியைப் போய் யார் பாய்...
சரி, தருகிறேன்.

ராத்திரி கல் பக்கெட்டில் ஊறியது
குமிழி அடங்கும்வரை.
எவ்வளவு சாய்க்க?
தீப்பெட்டியைப் படுக்கவைத்து
கத்தியின் முதுகை அதன்மேல் சாய்த்து
கைக்குப் பழக்கினேன்.
வாயோரம் முழுக்கக் கண்மை தீட்டினேன்.
கல் தொட்ட இடத்தில் மை போகும்,
தொடாத இடம் கறுப்பாய் மாட்டிக்கொள்ளும்.
நுனியில் இத்தனை நாளும்
தேய்த்ததாக நடித்திருக்கிறேன்.

அப்புறம் பிசிறு.
இரும்பில் அது உதிர்ந்துவிடும்.
இதில், இந்தப் பக்கம் விரட்டினால்
அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்கிறது.
தோலில் இழு என்று சொல்லியிருந்தார் பாய்.
பரணில் தோல் பெல்ட் கிடந்தது,
ஆள் போய் ஆறு வருஷம்.
அதன் பழைய வேலை
என் முதுகுக்குத் தெரியும்.
ஜன்னல் கம்பியில் கட்டி
இருபது இழுப்பு என்று ஆரம்பித்து
எண்ணிக்கை விட்டுப்போனது.

காலை ஐந்தரை, துறைமுகம்.
முதல் கிராக்கி,
ஒன்றரைக் கிலோவில் ஒரு கொடுவா.
கூடையை ஏந்தியபடி அவர் கேட்டார்:
"என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலியா?"
குனிந்து பாருங்கள் என்றேன்.
பலகையில்
வயிறு திறந்து கிடந்தது மீன்.